ஹெல்மி கொடுத்த காடு

வருஷத்துக்கு இரண்டு தடவை ரேடியோக்காரர்கள் கையேந்துவார்கள். வசந்தத்தில் ஒரு வாரம், இலை உதிரும் காலத்தில் ஒரு வாரம். பாட்டைப் பாதியில் நிறுத்துவார்கள், செய்தியைச் சுருக்குவார்கள், "இது உங்கள் வானொலி, உங்கள் காசில் ஓடுகிறது, இப்போதே கூப்பிடுங்கள்" என்று அதே பல்லவியைப் பாடுவார்கள். கொடுத்தவனுக்கு ஒரு துணிப்பை. இன்னும் கொஞ்சம் கொடுத்தவனுக்கு ஒரு காபிக் குவளை. ஆர்வோ கங்காஸுக்கு அந்த வாரங்களைக் கண்டாலே ஆகாது. விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கத் துப்பில்லாமல், சூடான அறையில் உட்கார்ந்து பேசியே பிழைக்கிற படித்த கூட்டம் என்பது அவர் எண்ணம். அந்த வாரம் வந்தால் வீட்டுக்குள் இருக்கமாட்டார். வண்டிக் கொட்டகைக்குப் போய் எதையாவது சுத்தியலால் அடித்துக்கொண்டிருப்பார்.

இந்த அக்டோபரில் அவர் போகவில்லை. சமையலறை மேசையில் காபியை வைத்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் தலையில் இருந்த ரேடியோவை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் மனைவி ஹெல்மியின் ரேடியோ. மார்ச் மாதம் அவள் செத்தபோது ஓடிக்கொண்டிருந்தது, அன்றிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. அணைக்க அவருக்குக் கை வரவில்லை. முன்பெல்லாம் அணைத்தால், "ஏன் அணைச்சே?" என்று உள்ளேயிருந்து ஒரு சத்தம் வரும். இப்போது அணைத்தால் எதுவும் வராது. அதைக் கேட்கத் தைரியம் இல்லை.

"நம் வானொலிக்குத் தங்கள் உயிலில் இடம் கொடுத்தவர்கள், நமது அணையா விளக்கு வட்டத்தினர்," என்றது ரேடியோ. பெண் குரல். ஜோலீன் பியாங்கி என்பவள், நிலையத்தை நடத்துகிறவள். ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டே வந்தாள். ஆர்வோ காபியைக் கீழே வைத்தார்.

"ரவுண்ட் பேயிலிருந்து ஹெல்மி கங்காஸ், ஆர்வோ கங்காஸ். ஹெல்மியை நாம் இந்த வசந்தத்தில் இழந்தோம். தன் அப்பா விட்டுப்போன மேப்பிள் காட்டை நமக்காக வைத்துப் போயிருக்கிறார். நன்றி ஹெல்மி. நன்றி ஆர்வோ."

அவ்வளவுதான். அடுத்த பெயருக்குப் போய்விட்டாள்.

ஆர்வோவின் முகத்தில் ஈயாடவில்லை. அந்தக் காடு இப்போது ரேடியோவுடையது இல்லை. ஆர்வோவுடையதும் இல்லை. ஜூன் மாதமே அதை விற்றாகிவிட்டது.

நடந்தது இதுதான். போன குளிர்காலம் ஹெல்மியின் கட்டிலை ஜன்னலோரமாக முன்னறையில் போட்டிருந்தார்கள். பனி ஜன்னல் பாதிவரை ஏறியிருந்தது. ஒரு நாள் ஹெல்மி, "அப்பாவோட நாற்பதை ரேடியோவுக்குக் குடுத்துடலாம் ஆர்வோ," என்றாள். அந்த ஊரில் நாற்பது என்றால் நாற்பது ஏக்கர் காடு, வேறு அர்த்தம் கிடையாது. "நமக்குப் பிள்ளையா குட்டியா? நம்ம ரெண்டு பேருக்கும் அப்புறம் அவங்களுக்குப் போகட்டும். நான் ஜோலீன்கிட்ட போன்ல சொல்லிட்டேன். பாதை திறந்ததும் வக்கீல்கிட்ட போய் எழுதிடலாம்."

ஆர்வோ, "சரி," என்றார்.

நோயாளியிடம் சொல்கிற சரி அது. கஞ்சி வேண்டுமா, சரி. ஜன்னலைத் திறக்கணுமா, சரி. பாதை திறப்பதற்குள் அவள் போய்விட்டாள். காடு இருவர் பெயரிலும் இருந்ததால் தானாக ஆர்வோவுக்கு வந்தது. ஒரு கையெழுத்துக்கூடப் போட வேண்டியிருக்கவில்லை.

சவ அடக்கத்துக்கு அந்த ஜோலீன் ஒரு பெரிய பாத்திரத்தில் சாப்பாடு செய்து எடுத்துவந்தாள். ஆர்வோ அவளைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காட்டை அளக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தார். அவள் காட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அழுதாள், சாப்பாட்டை வைத்தாள், போய்விட்டாள். அதனால் அவருக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. திறமையான ஆளாக இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டார்.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, பக்கத்து நிலத்துக்காரன் ரெய்னோ ரண்டா வழக்கம்போல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஆர்வோ வீட்டு ஆவிக்குளியல் அறைக்கு, சவுனாவுக்கு, வந்தான். ஆவியில் வெந்து, வெளி அறையில் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து பீர் குடிக்கும்போது, "அந்த நாற்பதை எனக்குக் குடுத்துடேன்," என்றான். ஆர்வோ யோசிக்கவில்லை. யோசித்தால் ஹெல்மியின் ஜன்னல் நினைவுக்கு வரும். கையை நீட்டினார். ரெய்னோ குலுக்கினான். அந்த ஊரில் ஈரக்கையோடு குலுக்கினாலும் குலுக்கினதுதான். அப்புறம் பத்திரத்தில் போட்ட கையெழுத்தெல்லாம் கவர்ன்மெண்டுக்காக.

வந்த காசில் ஒரு புது பிக்கப் வண்டி வாங்கினார். சாம்பல் நிறம். உட்காருகிற இடமே சூடாகும். முதல் நாள் அந்தச் சூடு பின்பக்கம் ஏறியபோது அவருக்கு என்னவோ செய்தது. யாரோ எழுந்துபோன இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பொத்தானை அணைத்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் போடவில்லை.

ரேடியோக்காரர்கள் வருவார்கள், வக்கீல் நோட்டீஸ் விடுவார்கள், "கிழவன் ஏமாற்றிவிட்டான்" என்று கத்துவார்கள் என்று கோடை முழுக்கக் காத்திருந்தார். பதில்கூட யோசித்து வைத்திருந்தார். "என் நிலம், நான் விற்பேன், நீ யார் கேட்க?" ஒருவரும் வரவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். இப்போது கேட்காதது மட்டுமில்லை, ஊர் கேட்க நன்றி வேறு சொல்லிவிட்டார்கள்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ரெய்னோ ரண்டா கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, தொப்பியைக்கூட எடுக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ரேடியோ கேட்டியா?"

"கேட்டேன்."

"நான் வண்டியில வந்துக்கிட்டு இருந்தேன். ரோட்டோரமா நிறுத்திட்டேன்." ரெய்னோ சிரித்தான். "ஏண்டா கங்காஸ், ஒரே பசுவை ரெண்டு பேருக்கு வித்திருக்கியே, இது உனக்கே நல்லா இருக்கா? உன்னை நான் மடையன்னு நினைச்சேன். நீ பெரிய ஆளு."

"வாயை மூடு."

"மூடறேன். காபி ஊத்து முதல்ல." ரெய்னோ குவளையை வாங்கி ஏலக்காய் போட்ட ரொட்டியைத் தோய்த்துத் தின்றான். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நெஜமாவே ஹெல்மி அதை அவங்களுக்குச் சொல்லியிருந்தாளா?"

ஆர்வோ ஆமென்று தலையசைத்தார்.

"உனக்குத் தெரியுமா அது, என்கிட்ட கை குடுத்தப்போ?"

"தெரியும்."

ரெய்னோ குவளையை வைத்தான். மெதுவாக வைத்தான். அது ஆர்வோவுக்குப் பிடிக்கவில்லை. அவன் கேலி செய்தால் தாங்கிக்கொள்ளலாம்.

"திருப்பிக் குடுத்துடு ரெய்னோ," என்றார் ஆர்வோ. "வண்டியை வித்துக் காசு தர்றேன். மிச்சத்துக்கு இந்த வீட்டு மேல கடன் வாங்கறேன்."

"முடியாது."

"ஏன்?"

"ஏன்னா? கை குடுத்தோம்ல. அதோட நான் மரவெட்டிகிட்டயும் கை குடுத்துட்டேன். நெலம் உறைஞ்சதும் மெஷினோட வர்றான். எனக்கு பேங்க்ல கடன் இருக்கு, என் பையன் முதுகு ஆபரேஷன் இருக்கு. நான் ஒண்ணும் அழகு பாக்க வாங்கல." ரெய்னோ எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பினான். "ஹெல்மி எனக்கு அக்கா மாதிரிடா. நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் கேட்டே இருக்கமாட்டேன். என்னையும் சேர்த்து இழுத்து விட்டுட்டியே."

அவன் போன பிறகு ரேடியோ பேசிக்கொண்டே இருந்தது. தொலைபேசி எண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆர்வோ எழுந்து கம்பளிச் சட்டையை மாட்டினார்.

டவுனில் ரேடியோ நிலையம் ஒரு பழைய வெண்ணெய்க் கிடங்கில் இருந்தது. அதன் வாசல் ஆர்வோவுக்கு நன்றாகத் தெரியும். உள்பக்கம் தெரியாது. இந்த வசூல் வாரங்களில் ஹெல்மி அங்கே போய் போன் எடுப்பாள். ஆர்வோதான் கொண்டுவிடுவார். விட்டுவிட்டு வீட்டுக்கும் வரமாட்டார், உள்ளேயும் போகமாட்டார். இன்ஜினை ஓடவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார், அவள் வரும்வரை. "உள்ள வாயேன், உன்னைக் கடிக்கமாட்டாங்க," என்பாள். "அந்தப் படிச்ச கும்பல்கிட்ட எனக்கு என்ன வேலை?" என்பார். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் குளிரில் வெளியே வந்து, கண்ணாடியைத் தட்டி, ஒரு காபியை நீட்டிவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொள்வார். நன்றிகூடச் சொன்னதில்லை. ஹெல்மி அனுப்பினாள் என்று நினைத்துக்கொள்வார்.

அன்று புது வண்டியை அதே இடத்தில் நிறுத்தினார். பழக்க தோஷம், இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் காபி கொண்டுவரவில்லை. வண்டி புதுசு, அடையாளம் தெரிந்திருக்காது. இறங்கி உள்ளே போனார்.

உள்ளே அவர் நினைத்த மாதிரி இல்லை. மூலையில் கூரை ஒழுகுகிற இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். நீள மேசையில் போன்கள். போன்களுக்குப் பின்னால் ஊர்க்காரர்கள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவன், நூலகத்து அம்மாள், மளிகைக்கடை வில்மா. மற்றொரு மேசையில் யாரோ வீட்டில் இறைச்சி அடைத்துச் சுட்டு அனுப்பிய பேஸ்ட்டிகள், துண்டு போட்டு மூடி. படித்த கும்பல் என்று சொல்ல அங்கே ஒன்றிரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களும் முழங்கை கிழிந்த கம்பளிச் சட்டையில்தான் இருந்தார்கள்.

வில்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அட! வண்டிக்காரர் உள்ள வந்துட்டாருடீ!" என்று கூவினாள். நூலகத்து அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"யாரு வண்டிக்காரன்?"

"நீங்கதான். எத்தனை வருஷமா உங்களுக்குக் காபி கொண்டுவந்து குடுத்திருக்கோம். யாரு போறதுன்னு சீட்டு குலுக்குவோம். நீங்க முறைக்கிற முறைக்கு யாருக்கும் போகத் தைரியம் வராது."

"ஹெல்மி அனுப்பினா இல்லையா அது?"

"ஹெல்மியா? 'விடுங்கடி, குளிர்ல கிடக்கட்டும் அந்த மனுஷன், அப்பத்தான் உள்ள வருவான்'னு சொல்லுவா. நாங்கதான் மனசு கேக்காம கொண்டுவருவோம்."

ஆர்வோவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஆளில்லாத ஒரு போன் அலறியது. வில்மா அவரை நாற்காலியில் அமுக்கி உட்காரவைத்து, "எடுங்க, நான் வேற லைன்ல இருக்கேன். பேரு, ஊரு, எவ்வளவுன்னு கேளுங்க, அவ்வளவுதான்," என்றுவிட்டுத் தன் போனுக்குத் திரும்பிவிட்டாள்.

ஆர்வோ போனை எடுத்தார். "சொல்லு."

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் தயங்கியது. "வந்து... நான் ரொம்ப வருஷமா கேக்கறேன். லாரி ஓட்டறேன், ராத்திரியெல்லாம் உங்க ரேடியோதான். ஒரு காசு குடுத்ததில்ல. ஒவ்வொரு தடவையும் நீங்க கேக்கும்போது வேற ஸ்டேஷன் மாத்திடுவேன். இன்னிக்கு மாத்த முடியல. திருடன் மாதிரி இருக்கு."

"பேரு?"

"பேரு சொல்லணுமா?"

"சொன்னா ரேடியோல படிப்பாங்க."

"ஐயோ, வேணாங்க."

"அப்ப திருடனாவே இரு," என்றார் ஆர்வோ.

வில்மா தன் போனை மார்பில் பொத்திக்கொண்டு அவரை வெறித்துப் பார்த்தாள். அந்தப் பக்கம் அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னான், ஊரைச் சொன்னான், கொடுப்பதைச் சொன்னான். "நீங்க கேட்ட மாதிரி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லங்க," என்று வைத்துவிட்டான்.

ஆர்வோவுக்கு நாக்கு கசந்தது. அவனிடம் காசு கேட்டது யார், அவனைத் திட்டியது யார்? ஒரு காட்டையே தின்றவன், ராத்திரி பாட்டுக் கேட்டவனைத் திருடன் என்கிறான்.

"ஜோலீன் எங்க?" என்றார்.

ஜோலீன் பியாங்கி ஒலிபரப்பு அறையிலிருந்து வெளியே வந்தாள். ஐம்பது வயசிருக்கும். தொண்டை கட்டியிருந்தது. "கங்காஸ் ஐயா! உள்ள வந்திருக்கீங்களே!" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அவர் கையைக் கொடுக்கவில்லை. தன் அறைக்கு அழைத்துப்போனாள். அறை என்றால் ஒரு மேசை, ஒரு ஜன்னல், சுவரோரம் பழைய இசைத்தட்டுகள். ஜன்னலுக்கு வெளியே அவருடைய வண்டி நின்றிருந்தது.

உட்காரச் சொன்னாள். அவர் நின்றபடியே சொன்னார்.

"காடு இல்ல."

"எது?"

"காலையில படிச்சியே. ஹெல்மி குடுத்த காடு. வித்துட்டேன். ஜூன் மாசம், ரெய்னோ ரண்டாவுக்கு. குளிர்காலம் வந்ததும் வெட்டப் போறான். அந்தக் காசுதான் அங்க நிக்குது, சாம்பல் கலர்ல."

ஜோலீன் திரும்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நல்ல வண்டி," என்றாள். அதில் கேலி இருக்கிறதா என்று ஆர்வோ தேடினார். இல்லை.

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்ல? அது உங்க நிலம். அவங்க போனதும் உங்களுக்கு வந்துடுச்சு. நாங்க எழுதி வாங்கல. எப்ப வேணா மனசு மாறலாம்னு நாங்களே எல்லார்கிட்டயும் சொல்லித்தான் பேர் சேக்கறோம்."

"எனக்கு மனசு மாறலம்மா. நான் மனசே வெக்கல. சரின்னு சொன்னா அவ பேசாம தூங்குவாளேன்னு சரின்னு சொன்னேன்."

ஜோலீன் மேசைமேல் இருந்த பெயர்ப் பட்டியலைக் கவிழ்த்து வைத்தாள்.

"திட்டு," என்றார் ஆர்வோ.

"என்ன?"

"திட்டும்மா. ஏமாத்துக்காரன்னு சொல்லு. வக்கீலைக் கூப்பிடு. கோடை பூரா அதுக்குத்தான் உக்காந்திருந்தேன்."

"எனக்கு ஹெல்மியை ரொம்பப் பிடிக்கும்," என்றாள் ஜோலீன். குரல் இன்னும் கட்டிக்கொண்டது. "உங்களைத் திட்டினா எனக்கு நல்லாத்தான் இருக்கும். இந்தக் கூரையை அந்தக் காட்டை நம்பித்தான் மாத்தலாம்னு இருந்தோம், அதையும் சொல்லிடறேன். ஆனா திட்டினதும் நீங்க கணக்குத் தீந்துச்சுன்னு வண்டியில ஏறிப் போயிடுவீங்க. அதனால திட்டமாட்டேன்."

ஆர்வோ பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இப்ப எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. சாயந்தரம் மறுபடியும் பேர் படிக்கணும். இல்லாத காட்டுக்கு நன்றி சொன்னா நான் பொய் சொன்னவளாயிடுவேன். உங்க ரெண்டு பேர் பேரையும் எடுத்துடவா?"

இதை ஆர்வோ யோசித்தே இருக்கவில்லை. தன் தலைதான் போகும் என்று நினைத்து வந்திருந்தார். ஹெல்மியின் பெயரும் சேர்ந்து போகும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காலையில் அவள் பெயரைக் கேட்டபோது, காட்டுக்காகப் பதறியதற்கு முன்னால், ஒரு கணம், ஒரே ஒரு கணம், சமையலறையில் அவள் இருப்பது போல இருந்தது. அதையும் பிடுங்கப் போகிறோம்.

"அவ பேரை எடுக்காதே. அவ குடுத்தா. நடுவுல நின்னு புடுங்கினவன் நான்."

"அவங்க குடுத்தது இல்லையே இப்போ."

"நான் இருக்கிற வீடு இருக்கு. கொட்டகை, சவுனா, ஏரிக்கரை வரைக்கும் நெலம். காடு அளவுக்கு வராது, ஆனா ஏரி இருக்கறதால மட்டமாவும் போகாது. நான் செத்ததும் எடுத்துக்கோங்க. அவ பேர்ல."

"கோவத்துல குடுக்கறீங்க."

"கோவம்தான். என் மேல. அதுல உனக்கென்ன?"

"ஒரு வாரம் யோசிங்க. அப்புறமும் தோணினா உங்க சொந்த வக்கீலைப் பாருங்க. எங்க ஆள் வேணாம்."

ஆர்வோ அவளை உற்றுப் பார்த்தார். நிலம் வாங்குகிறவர்கள் எல்லாம் அன்றைக்கே, அப்போதே, தங்கள் ஆளிடமே என்றுதான் பரபரப்பார்கள். இப்படி ஒருத்தி சொல்லி அவர் கேட்டதில்லை. "ஏன், என் வார்த்தை போதாதா உனக்கு?"

"போதும். ஹெல்மியோட வார்த்தையை நம்பித்தானே படிச்சோம். உங்களதையும் நம்பறேன்."

"நம்பாதே," என்றார் ஆர்வோ. "அவ நம்பினா. என்ன ஆச்சுன்னு பார்த்தியா? நான் கையெழுத்துப் போடற வரைக்கும் எங்க ரெண்டு பேர் பேரையும் படிக்காதே. போட்டப்புறம் அவ பேரை மட்டும் படி. என் பேர் வேணாம்."

"ஊரே கேக்கும். இன்னிக்கு ரெண்டு பேர், அப்புறம் ஒரு பேர்னா, ஏன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

எழுந்தார். சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதையும் வெச்சுக்கோ. காசுக்குப் பதிலா வண்டி குடுத்தாலும் வாங்குவீங்கல்ல? ரேடியோல சொல்றீங்களே."

ஜோலீன் முதல் தடவையாகச் சிரித்தாள். "வாங்குவோம். ஆனா எங்களுக்கு வர்ற வண்டியெல்லாம் கயிறு கட்டி இழுத்துட்டு வர்றதுதான். கோழி முட்டை போட்டு வெச்ச வண்டிகூட வந்திருக்கு. ஓடற வண்டியை யாரும் குடுத்ததில்ல."

"இது ஓடும்."

"அது தெரியுது. எப்படி வீட்டுக்குப் போவீங்க?"

அதையும் அவர் யோசித்திருக்கவில்லை. கடைசியில் வில்மாதான் தன் வண்டியில் கொண்டுவிட்டாள். வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள், எதைப் பற்றி என்று அவருக்கு நினைவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது, "அந்தக் காபிக்கெல்லாம் நன்றி," என்றார்.

மறுநாளே வக்கீலிடம் போனார். ஜோலீன் சொன்ன ஒரு வாரத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கிடைத்தால் தான் என்ன செய்வார் என்று அவருக்குத் தெரியும். கொட்டகையில் கிடந்த பழைய வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அதன் தரை துருப்பிடித்து, ஓட்டை வழியாகச் சாலை தெரிந்தது. வக்கீல் எழுதி முடிக்க வெள்ளிக்கிழமை ஆயிற்று. ஆர்வோ ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தார், இரண்டு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டார், கையெழுத்துப் போட்டார், ஒரு நகலை ரேடியோ நிலையத்தில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

சனிக்கிழமை சவுனாவுக்கு விறகு போட்டார். ஹெல்மியின் ரேடியோவை ஃபிரிட்ஜின் மேலிருந்து இறக்கி, ஓடிக்கொண்டிருந்தபடியே நீள மின்கம்பியை இழுத்து, சவுனாவின் வெளி அறையில் வைத்தார். ரெய்னோ வருவானா என்று சந்தேகம்தான். வந்தான். தோளில் துண்டு. இரண்டு பேரும் பேசாமல் ஆவியில் உட்கார்ந்தார்கள். கல்லில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், "போதுமா?" "இன்னும் ஊத்து," என்று பேச்சு.

வெளியே வந்து துடைத்துக்கொண்டிருக்கும்போது ஜோலீனின் குரல் கேட்டது. வசூல் வாரத்தின் கடைசி நாள். பெயர்கள் வந்தன. ஆர்வோ துண்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"ரவுண்ட் பேயிலிருந்து ஹெல்மி கங்காஸ். தான் வாழ்ந்த வீட்டை நமக்காக வைத்துப் போயிருக்கிறார். நன்றி ஹெல்மி."

அடுத்த பெயர் வந்தது.

ரெய்னோ பீர் பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான். "உன் பேரைக் காணோம்?"

"காணோம்."

"நாளைக்குச் சர்ச்சுல எல்லாரும் கேப்பாங்க."

"சொல்லிடுவேன்."

ரெய்னோ கொஞ்ச நேரம் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆர்வோ, வேணும்னா அந்த ஓடைப் பக்கம் இருக்கற மரத்தை விட்டுடச் சொல்றேன். அவ சின்னப் புள்ளையா இருந்தப்போ அவ அப்பா பாகு காய்ச்சச் சாறு இறக்கின மரம்."

ஆர்வோவுக்கு அதை வாங்கிக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டால், கொஞ்சம் காப்பாற்றிவிட்டோம் என்று தன்னிடமே சொல்லிக்கொள்வார். தன்னை அவருக்குத் தெரியும்.

"எனக்காக விடாதே," என்றார். "உன் மரம். அவளுக்காகத் தோணினா விடு. என்கிட்ட சொல்லாதே."

டிசம்பரில் நிலம் உறைந்தது. ஒரு காலை ஆர்வோ காபி வைத்துக்கொண்டிருக்கும்போது, ஓடைக்கு அப்பாலிருந்து மெஷின் சத்தம் கிளம்பியது. ரேடியோ மறுபடி ஃபிரிட்ஜின் தலைக்கு வந்திருந்தது. யாரோ பியானோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். மெஷின் ஒரு மூச்சு இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. பிறகு ஒரு மரம் விழுந்தது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

அவர் எழுந்து ரேடியோவின் குமிழைத் திருகினார். பியானோ அறை முழுக்க நிறைந்தது. மெஷின் சத்தம் காணாமல் போயிற்று. நிம்மதியாக இருந்தது. காபிக் குவளையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இரண்டு வாய்கூடக் குடிக்கவில்லை. எழுந்து போய்க் குமிழை அது முன்பு இருந்த இடத்துக்கே திருப்பி வைத்தார், ஹெல்மி வைத்திருந்த இடத்துக்கு. பியானோ தணிந்தது. அதற்கடியில் மெஷின் மறுபடியும் கேட்டது. ஜன்னலோரம், முன்பு கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு மரமாக விழுவதை மத்தியானம்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.